நம்பர் எழுதித் தந்தவர்

“வண்டி ஸ்பேர்ஸ் விப்பாரே அந்த அண்ணன், அவரு கடைய மூட வச்சதே நான்தாம்பா.”

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இருந்த டாக்சி டிரைவர் தன் நண்பரிடம் இப்படிச் சொன்னார். அவர் மடியில் எண்ணெய் ஊறிய ஒரு காகிதப் பொட்டலம்.

“நீ இன்னாபா பண்ணே? ஊருக்கு ஊரு பெரிய ஸ்பேர்ஸ் கடை போடறானே அந்தக் கம்பெனிக்காரன், அவன் இங்கயும் வந்தான். இவரு மூடிட்டாரு.”

“தேஞ்ச சாமான எடுத்துக்கினு போவேன். ‘வாடா’ன்னுவாரு. கையில வாங்கி ஒரு திருப்பு திருப்பினா போதும், எந்த வண்டி, எந்த வருசம், எல்லாம் சொல்லிடுவாரு. பார்ட் நம்பர எழுதி வாங்கிக்கினு நேரா அந்தப் பெரிய கடைக்குப் போயிடுவேன். அங்க ரேட்டு கம்மி.”

“எல்லாரும் அதத்தான பண்ணாங்க.”

“அவருக்குத் தெரியும்பா. தெரிஞ்சிக்கினேதான் எழுதிக் குடுத்தாரு.”

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சரி, இன்னிக்கு பேரிங் கெடச்சுதா?”

“எங்க? அந்தப் பெரிய கடையில இப்ப அண்ணன்தான் நிக்கறாரு. கடை பேரு போட்ட டி-சர்ட் மாட்டிக்கினு.”

“அப்ப நல்லதாப் போச்சு. பாத்ததுமே எடுத்துக் குடுத்திருப்பாரே.”

டிரைவர் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருந்த தேய்ந்த பேரிங்கைக் காட்டினார்.

“பழைய பேரிங்க நீட்டினேன். கையில வாங்கல. கம்ப்யூட்டரப் பாத்துக்கினே, ‘பார்ட் நம்பர் சொல்லுங்க சார்’ன்னாரு.”