பத்து மாடுகளுக்கு உப்புத் தண்ணீர்

மாட்டுக்கு ஊசி போடும்போது கழுத்தைத் தடவிக்கொண்டே போட வேண்டும். கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகள் என்னைக் கண்டு மிரண்டதே இல்லை, விசாரித்துப் பாருங்கள்.

வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரிக்கு இப்போதுள்ள தடுப்பூசி ஆறு மாதம்தான் தாங்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தின் புது மருந்து ஒரு வருடம் தாங்க வேண்டும். சோதிப்பதற்கு லயத்து மாடுகள் இருபதைத் தேர்ந்தெடுத்தேன். பத்துக்கு மருந்து, பத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று எனக்கு மட்டுமே தெரியும்.

வீரம்மாவின் சிவப்புப் பசுவுக்குத் தண்ணீர். ஊசி போடும் அன்று, பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராக மாட்டுப்பட்டிக்கு வந்தாள்.

"நல்ல மருந்துதானுங்களே, மதுரன் சேர்? இந்தப் பால வச்சுத்தான் மக தனுஜாவ படிக்க வைக்கிறேன்."

"நல்ல மருந்துதாங்க" என்றேன்.

பதினோரு மாதம் நோய் வரவில்லை. நோயே வராவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு மாதத்தில் சோதனையை மூடிவிடுவார்கள். அதனால் கீழ்நாட்டில் நோய்ப்பட்ட ஒரு மாட்டின் எச்சிலைத் துணியில் நனைத்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து நானுஓயா வரை ரயிலில் கொண்டுவந்தேன். இருபது மாடுகளின் வாயிலும் தேய்த்தேன். பாரபட்சம் காட்டவில்லை.

மருந்து போட்ட பத்தும் தப்பின. மற்றவை ஐந்தாம் நாள் எச்சில் வடித்து, உதட்டைச் சப்புக்கொட்டத் தொடங்கின. அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் யாராவது ரொட்டி மென்றாலும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இந்த அறையில்கூடக் கேட்கிறது.

வீரம்மாவின் கன்றுக்குப் புண்ணே இல்லை. தாயிடம் பால் குடித்துக்கொண்டே மடங்கி விழுந்தது. இந்த நோய் கன்றின் இதயத்தைத் தாக்கும். அது எனக்கு முன்பே தெரியும். பசுவுக்குப் பால் வற்றியது. தனுஜா படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நோய் அடுத்த லயங்களுக்கும் பரவியது. அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

கணக்கெடுக்கப் போனபோது வீரம்மா பாலில்லாத பிளேன்டீ கொடுத்தாள்.

"ஒங்க ஊசி இல்லாட்டி தாய்மாடும் போயிருக்கும் சேர். நீங்க நல்லா இருக்கணும்."

அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மிச்சமிருந்த ஆறுதலும் போய்விடுமே என்று அவளுக்காகத்தான் சொல்லவில்லை.

துணியைத் தேய்த்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. அடுத்த சோதனையில் கன்றுகளை முதலிலேயே பிரித்துக் கட்டிவிடுவேன்.