நிறுத்தினால் ஆடாமல் நிற்கும் படம்

ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு,

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே உங்கள் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். காணாமல் போயிருப்பவள் என் உடன்பிறந்த அக்கா. அன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் ‘தெரியாது’ என்று கூறியதைத் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக இதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்பா கூறியதை நீங்கள் எழுதி வாசித்துக் காட்டிய முறையிலேயே நானும் வரிசையாக எழுதுகிறேன்.

அக்கா சென்ற வருடம் அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவரைத் தானாகவே திருமணம் செய்துகொண்டு வீட்டை விட்டுச் சென்றாள். அன்றைக்கே அப்பா அவளுடைய போட்டோக்கள் எல்லாவற்றையும், நானும் அவளும் சேர்ந்து எடுத்தவை உட்பட, கொல்லையில் போட்டு எரித்தார். கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் மட்டும் அக்காவைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் சட்டம் போட்டு மாட்டினார். நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே இருப்பது அதுதான். அதில் என் தோள்மேல் இப்போதும் நான்கு விரல்கள் இருக்கின்றன.

அதன் பிறகு அம்மா சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அழுதுகொண்டே இருந்ததால், ஒரு டி.வி. வந்தால் அவர் மனம் மாறும் என்று சித்தப்பா கூற, அப்பாவும் சம்மதித்து, அப்பா, சித்தப்பா, நான் மூவரும் கடைவீதியில் உள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குச் சென்றோம். சாமான்களோடு வரும் புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக என்னை அழைத்துச் சென்றனர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடையில் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அப்பா சிறிய டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குப் பெருசெல்லாம் வேணாம் தம்பி. செய்தி கேக்கணும், அவ்வளவுதான்” என்றார். “கேக்கறதுக்கு ரேடியோ போதுமே சார்” என்றார் விற்பனையாளர். சித்தப்பா, “அண்ணே, சின்னதா எடுத்தா அண்ணி அழுவாங்க. பெருசா எடுத்தா நாம அழணும். யோசிச்சு எடுங்க” என்றார். அப்பா சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு விற்பனையாளர் வீடியோ டெக்குகளைக் காட்டினார். கடையின் உள்பக்கம் முக்காலியில் ஒரு வீடியோ கேமரா எங்களைப் பார்த்து நின்றது. அதை டெக்கோடும் டி.வி.யோடும் இணைத்திருந்தார்கள். “பாப்பா, இப்படி வந்து நில்லு. பாரு, நீயும் டி.வி.ல வந்துட்ட” என்றார். டி.வி.யில் அப்பாவும் சித்தப்பாவும் நானும் தெரிந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியும், கண்ணாடிக்கு வெளியே தெருவும் தெரிந்தன. நான் என் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் மடிக்காத அட்டைப் பெட்டிகளை அடுக்காகத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, கண்ணாடியோரம் வரிசையாக வைத்திருந்த டி.வி.க்களைப் பார்த்தாள். அது அக்கா.

நான் “அக்கா” என்று கத்திவிட்டேன்.

கத்திக்கொண்டே திரும்பினேன். டி.வி.யில் இடப்பக்கம் தெரிவது கடையில் வலப்பக்கம் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் திரும்பிய பக்கமே அப்பாவும் திரும்பினார். அங்கே ஒரு தள்ளுவண்டிதான் நின்றது. மறுபக்கம் திரும்புவதற்குள் அக்கா போய்விட்டாள். “யாருடி?” என்று அப்பா கேட்டார். “யாரோப்பா. அவள மாதிரி இருந்துச்சு” என்று கூறினேன். அப்பா அதோடு விட்டிருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் விற்பனையாளர், “இருங்க சார், பதிவாகிட்டுதான் இருந்துச்சு. திருப்பிப் போட்டுக் காட்டறேன்” என்று கூறிப் பொத்தானை அழுத்தினார். அவருக்கு எதுவும் தெரியாது. டெக்கின் வசதியைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்று நினைத்தார்.

அக்கா வந்த இடத்தில் படத்தை நிறுத்தியபோது அது மேலும் கீழும் ஆடியது. முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. “இது ஏன் தம்பி ஆடுது?” என்று அப்பா கேட்டார். “இது ரெண்டு ஹெட்டு டெக் சார், அப்படித்தான் இருக்கும். நாலு ஹெட்டு எடுத்தீங்கன்னா நிறுத்தினா ஆடாம நிக்கும், போட்டோ மாதிரி. கிரிக்கெட் பாக்கறவங்கல்லாம் அதத்தான் எடுப்பாங்க. ரன் அவுட்டா இல்லையான்னு வீட்ல உக்காந்து நீங்களே தீர்ப்பு சொல்லலாம்” என்றார். அப்பா, “அதையே குடுங்க” என்றார். அதன் பிறகு சிறிய டி.வி.யை விட்டுவிட்டு, கடையில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டி, “எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுமில்ல?” என்று கேட்டு அதையும் எடுத்தார். அதன் பிறகு டெக்குக்குள் இருந்த கேசட்டையும் கேட்டார். “அது சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது சார். புதுசு ஒண்ணு தர்றேன்” என்றதற்கு, “இதான் வேணும். எம் பொண்ணு மொத மொதல்ல டி.வி.ல வந்திருக்கா” என்றார். விற்பனையாளர் என் தலையைத் தட்டிச் சிரித்தார்.

அன்று மாலை பெட்டிகள் வந்து இறங்கியதும், பக்கத்து வீட்டார் பார்க்க வந்தபோது ஆன்டெனா இன்னும் வரவில்லை என்று கூறி அனுப்பிவிட்டு, அப்பா கதவையும் ஜன்னல்களையும் சாத்தினார். டெக்கை இயக்க என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்து, “நிறுத்து. ஒரு துளி முன்னால தள்ளு. இன்னொண்ணு” என்று அப்பா கூறக்கூற நான் தள்ளினேன். ஒருமுறை வேண்டுமென்றே வேகமாக ஓட்டிவிட்டேன். “கை நடுங்குதா?” என்று மட்டும் கேட்டார். மறுபடியும் பின்னால் கொண்டுவந்தேன். அக்கா ஏப்ரன் அணிந்திருந்தாள். அதன் நெஞ்சுப் பகுதியில் வெள்ளை நூலில் எழுத்துகள் தைத்திருந்தன. அட்டைப் பெட்டிகள் அவற்றை மறைத்தன. ஒவ்வொரு துளி தள்ளும்போதும் பெட்டி கொஞ்சம் நகர்ந்து ஓர் எழுத்து தெரிந்தது. சித்தப்பா மூக்கு டி.வி. திரையில் முட்டும்படி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசியில் ஒரு கேக் கடையின் முழுப் பெயரும் கிடைத்தது. அக்கா அங்கே வேலை செய்தாள் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். எங்கள் வீட்டுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

பெட்டிகளை அக்கா ஏன் அவ்வளவு உயரத்தில் பிடித்திருக்கிறாள் என்று அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். “மாசமா இருக்கா” என்று மெதுவாகக் கூறி, எழுந்து வந்து அக்காவின் வயிற்றைத் திரையின்மேல் தொட்டார். திரை விரலில் சுரீரென்று அடித்தது. அம்மா கையை எடுக்கவில்லை. இதைப் பார்த்து அப்பாவின் மனம் இளகிவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்பா, “போதும், அணை” என்றார்.

அதன் பிறகு அப்பா சித்தப்பாவிடம், “நாளைக்கு வேன்காரனை வரச் சொல்லு. அவன் இவ மூஞ்சிய ஒருதடவ பாத்துக்கணும்” என்று கூறியதை நான் கேட்டேன். வேன்காரர் என்பவர் சித்தப்பாவின் கூட்டாளி. அக்கா அவரைப் பார்த்ததில்லை, அதனால் எங்களைக் கண்டால் ஓடுவதுபோல் அவரைக் கண்டு ஓட மாட்டாள். அவரும் அக்காவைப் பார்த்ததில்லை. வீட்டில் அக்காவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்தக் கேசட்டில் படம் இல்லாவிட்டால் அவருக்குக் காட்ட எதுவும் இருக்காது என்று நினைத்தேன். மறுநாள் சித்தப்பா என்னைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவந்து விட்டுவிட்டு வேன்காரரை அழைத்துவரச் சென்றார். அந்த நேரத்தில், அம்மா கொல்லையில் இருந்தபோது, கேசட்டைத் தொடக்கத்துக்கு ஓட்டிப் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அன்று காலைதான் ஆன்டெனா மாட்டியிருந்தார்கள். டி.வி.யில் மாடுகளுக்கு வரும் கால் நோயைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின்மேல் அது பதிவானது. அவள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று இருந்தது. நேரமில்லை.

வேன்காரர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் அப்பா போடச் சொன்னார். மாடுகள் வந்தன. சிறிது நேரம் மூவரும் மாடுகளையே பார்த்தார்கள். வேன்காரர், “இதுல எதுங்க நம்ம பொண்ணு?” என்று கேட்டார். சித்தப்பா சிரித்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். யாரும் என்னை அடிக்கவில்லை. “படம் எதுக்கு, இவளையே கூட்டிட்டுப் போ. இவளப் பாத்தா அவளே வருவா” என்று அப்பா கூறினார்.

நான் செய்த தவறு இதுதான். படம் இருந்திருந்தால் என்னைக் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள். படம் இருந்திருந்தால் இன்று உங்களிடம் அதைக் கொடுத்திருப்பேன். இரண்டுக்கும் இல்லாமல் என் கையாலேயே அழித்தேன்.

மறுநாள் சித்தப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டு உடையிலேயே வேனில் ஏற்றி, கேக் கடையின் பக்கச் சந்தில் சாமான் இறக்கும் கதவுக்கு எதிரே நிற்க வைத்தார். அவர் என் பின்னால் நின்று என் கழுத்தில் கை வைத்திருந்தார். வேன்காரர் இறங்கவில்லை. அந்த நேரத்தில் சந்தில் வேறு யாரும் இல்லை. அக்கா குப்பைக் கூடையோடு வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “வாலு, நீயா? எவ்ளோ வளந்துட்டடி” என்றாள். அக்கா என்னை வாலு என்றுதான் கூப்பிடுவாள். கையில் மாவு இருந்ததால் முழங்கையால் என்னை அணைத்தாள்.

சித்தப்பா, “உங்கம்மாவுக்கு முடியல. உன் பேரையே சொல்லிட்டு இருக்காங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடும்மா” என்று கூறினார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “நெசமாடி?” என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு அக்கா யாரிடமும் சொல்லாமல் அப்படியே வேனில் ஏறினாள். வேனில் ஏப்ரனைக் கழற்றி, மாவு உள்பக்கம் போகும்படி மடித்து, “அம்மா முன்னாடி இதோட போக வேணாம், வச்சிரு” என்று என்னிடம் கொடுத்தாள். “டி.வி. வாங்கிட்டீங்களா? அன்னிக்குக் கடையில உங்க முதுகப் பாத்தேன். அப்பான்னு தெரிஞ்சதும் ஓடிட்டேன். நல்லவேளை, அவர் என்னைப் பாக்கல, இல்ல?” என்று கேட்டாள். நான் ஏப்ரனை இன்னொரு மடிப்பு மடித்தேன். “பெருசா வாங்கினீங்களா, சின்னதா?” என்றாள். பெருசு என்றேன். “அம்மாவுக்குப் பொழுது போகும்” என்றாள்.

அதன் பிறகு எங்கள் தெருமுனையில் வேனை நிறுத்தி என்னை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அக்காவும் இறங்க எழுந்தபோது சித்தப்பா, “அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, உக்காரு” என்றார். அக்கா மறுபடி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வேன் ஆற்றுப் பாலம் இருக்கும் பக்கம் திரும்பியது. சித்தப்பா அன்று இருட்டிய பிறகு குளித்த தலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டார். எதுவும் கேட்கவில்லை. அப்பா என்னிடம் டி.வி.யில் செய்தி வைக்கச் சொன்னார்.

நீங்கள் வந்தபோது, “பொண்ணக் கடைசியா எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டதற்கு, “வீட்ட விட்டுப் போன அன்னிக்கு” என்று அப்பா கூறினார். அது ஒருவகையில் சரி. அதற்குப் பிறகு அவர் அக்காவை நேரில் பார்க்கவில்லை. டி.வி.யில்தான் பார்த்தார்.

எலக்ட்ரானிக்ஸ் கடை விற்பனையாளரை விசாரித்தால் கேசட் கேட்டு வாங்கியது அவருக்கு நினைவிருக்கலாம். அக்காவின் ஏப்ரன் எங்கள் வீட்டுப் பரணில், டி.வி. வந்த அட்டைப் பெட்டிக்குள், அடியில் உள்ள தெர்மாகோலுக்குக் கீழே இருக்கிறது. வாரன்டி முடியும்வரை பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று அப்பா கூறியிருப்பதால் அங்கே வைத்தேன். நெஞ்சில் வெள்ளை எழுத்துகளும் உள்பக்கம் மாவும் இருக்கும். நீங்கள் எடுக்கும்போது மாவைத் தட்டிவிட வேண்டாம்.

இதை எங்கள் வகுப்பு ஆசிரியை மூலமாக ஒட்டிய உறையில் அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தயவுசெய்து இதை அப்பா முன்னால் வாசித்துக் காட்ட வேண்டாம். வாசித்துக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் என்னை வேறெங்காவது கொண்டுபோய் விட்டுவிடவும். அக்கா உயிரோடு இருந்தால் அங்கே விடவும்.

எழுதிய பிறகு முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. யாரும் என் கழுத்தில் கை வைத்திருக்கவில்லை. அன்று சந்தில் அக்கா கேட்டபோது நான் தலையாட்டியது பொய். இது உண்மை.

கையெழுத்து:
வாலு