கோதண்டத்தின் சிரிப்பு

நண்டுக் குழம்பு வாளியைக் கவிழ்த்தது நான்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. யாரும் என்னைத் தள்ளவில்லை. தரையும் வழுக்கவில்லை. ஓய்வுபெற்ற காவலர் சங்கத்தின் பென்ஷனர் தின விருந்து அன்று, லைட்ஹவுஸ் குப்பத்தில், வலை சரிபார்க்கிற கொட்டகையில். நான் சங்கத்தின் செயலாளர். செயலாளரே பரிமாறுகிறார் பாருங்கள் என்று நாலு பேர் பேசட்டுமே என்று வாளியைத் தூக்கினேன். வேட்டியை மடித்துக் கட்ட மறந்துவிட்டேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்த கண் டாக்டர் மாலதியின் மடியில் நண்டுகளும் மீதிக் குழம்பும் போய் உட்கார்ந்தன.

"பயப்படாதீங்க டாக்டர், கடிக்காது. வெந்துட்டுது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான்.

டாக்டரம்மா குழாயடியில் புடவையைக் கழுவிக்கொண்டு, காய்வதற்காக வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த வெயிலில் ஏற்கெனவே கோதண்டம் உட்கார்ந்திருந்தான். அவர்கள் பேசிக்கொண்டதால்தான் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒழுங்காகப் பரிமாறியிருந்தால் இந்தக் கேஸே இல்லை. என்னைப் பிடித்துக் கொடுத்தவன் நானேதான் என்பதையும் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கேஸ் கோதண்டத்தின் இரண்டு கண்களைப் பற்றியது. அவை போனதற்கு நான் காரணமா என்று கேட்டீர்கள். ஆமாம். ஏன் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பேப்பர் கேட்டேன்.

என் பெயர் ஏகாம்பரம். வேலையில் இருந்த காலம் பூராவும் ஸ்டேஷன் ரைட்டர். அதில் பாதி இதே மேசையில். ஊரில் நடந்த திருட்டு, வெட்டு, குத்து எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் என் கையெழுத்தில்தான் இருக்கும். சொந்தமாக ஒன்று எழுதுவது இதுதான் முதல் தடவை. போலீஸிடம் கொடுக்கிற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு உண்மையாக எழுத முடிகிறது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ரோல் கால். எல்லோரும் வரிசையில் நிற்போம். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே விறைப்பாக இருப்பார்கள். நான் பெயரைக் கூப்பிடுவேன். "உள்ளேன் ஐயா"வுக்குப் பதில் அந்த மாதத்து நோவைச் சொல்ல வேண்டும். "முட்டி, ஐயா." "சுகர், ஐயா." ஒருத்தர் "மருமகள், ஐயா" என்றார். அதற்குக் காப்பீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன நோவுக்கு வழி பார்ப்பது என் வேலை. எங்கள் பென்ஷனிலேயே மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் பாதிப் பேருக்கு அதை வாங்கத் தெரியாது. அனுப்பம்பட்டில் ஒருவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது என் அலைச்சல். சுண்ணாம்புக்குளத்தில் செத்துப்போன ஏட்டின் மனைவியைக் கருவூலத்துக்குக் கூட்டிப்போய், அந்தம்மா மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது முதுகில் தூக்கிக்கொண்டு ஏறி, குடும்ப ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அடுத்தவன் நோவு எனக்குத் தாங்காது. என் மனைவி கோமளாவைக் கேளுங்கள், டி.வி. சீரியலில் அழுதால் அவளுக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன்.

கோதண்டமும் நானும் ஒரே பேட்ச். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். ஏட்டையாவாக ரிட்டையர் ஆனான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் வினோதினி, ஓசூரில் குடும்பம். வேலையில் இருந்தபோது நான் என்ன ஜோக் சொன்னாலும் முழுசாகக் கேட்பான். கேட்டுவிட்டு, "சரி, மேல சொல்லு" என்பான். அப்படிப்பட்ட ஆள்.

பென்ஷன் வந்த பிறகு அவனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. காலையில் கடற்கரையோரம், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் வரை நடப்போம். ஒருநாள் மணலில் காயப்போட்டிருந்த காரப்பொடி மீன் மேலேயே நடந்துவிட்டான். மீனுக்குச் சொந்தக்காரி குப்பம்மாள் எழுந்து நின்றாள்.

"இன்னாயா ஏட்டு, கண்ணு இன்னா முதுகுலயா கீது?"

"கண்ணு முன்னாடிதாம்மா கீது. இவனுக்கு முன்னாடியே ரிட்டையர் ஆயிட்டுது" என்றேன் நான்.

கோதண்டம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் அம்மா, வேலையில் இருந்தவரை ஒரு நாளும் சிரிக்காத மனிதன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கோமளாவிடம் அதே ஜோக்கைச் சொன்னேன். "உன் ஜோக்குக்குக் கொசு கூட நிக்காது" என்றாள்.

அதன் பிறகு தினமும் சிரித்தான். கண் மங்க மங்க அவனுக்கு நகைச்சுவை தெளிந்துகொண்டே வந்தது. நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு காலையில் போவேன். அவன் கை என் முழங்கையில் இருக்கும். ஏரிப் பக்கம் திரும்பி, "இன்னாடா தெரியுது?" என்பான். நான் சொல்லுவேன். தண்ணீர் வற்றிக் கிடந்த மாதங்களில் கூட ஒரு கூட்டம் பூநாரையை இறக்கிவிடுவேன். எனக்குச் செலவா என்ன?

ரோல் காலில் அவன் முறை வந்தது. "கண்ணு, ஐயா" என்றான். பொன்னேரியில் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இதை யாரும் மறுக்க முடியாது.

பஸ்ஸில் போகும்போது சொன்னான்: "கண்ணு சரியாயிட்டா ஓசூருக்குப் போயிடலாம்னு கீறேன்டா. பேத்தியை ஸ்கூலாண்ட விட ஆளில்லையாம். வினோதினி கூப்புட்டுனே கீறா."

"போ, போ. அங்க குளுருல வெறைச்சுக் கெட" என்றேன். அதற்கும் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி, வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பரிசோதனை முடிந்து அவன் மறுபடி பெஞ்சுக்கு வந்ததும் "கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனேன். டாக்டர் மாலதி ரொம்பத் தெளிவாகச் சொன்னார்; அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றுகிறது. ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும். செலவைக் காப்பீடே ஏற்கும். தள்ளிப்போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கடுமையாக வலித்து, நரம்பு செத்துவிடும், அப்புறம் யாராலும் திருப்ப முடியாது. தேதியும் கொடுத்தார். நான் தலையாட்டினேன், நன்றி சொன்னேன்.

சொல்லத்தான் வெளியே வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டு அவன் முகத்தைத் திருப்பி, கையை நீட்டினான். காற்றில் என் முழங்கையைத் தேடுகிற கை. என்னை யாரும் அப்படித் தேடியதில்லை.

"இன்னாடா ரைட்டரே, இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் பண்றதுக்கில்லையாம்டா. ரெண்டு கண்ணும் வி.ஆர்.எஸ். குடுத்துட்டுதாம்" என்றேன்.

என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். பிறகு, நர்ஸுகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான். பாருங்கள், எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அழுதிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அவன் ஏன் இன்னொரு டாக்டரைப் பார்க்கவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் சின்ன வயசு. எங்கள் காலத்தில் உள்ளே போனவன் வந்து சொல்வதுதான் ரிப்போர்ட். வெளியே நின்றவன் மறுபடி உள்ளே போய்ச் சரிபார்க்க மாட்டான். சரிபார்த்தால் கூட வந்தவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அந்தப் பழக்கம் பென்ஷனோடு போகிறதில்லை. சங்கத்திலும் நான் சொன்னதைக் கேட்டு எல்லோரும் ஒரு நிமிஷம் தலை குனிந்தார்கள், அவ்வளவுதான். வினோதினியிடம் போனில் நானே சொன்னேன். அவள் அழுதாள். "மாமா, அப்பாவை இங்க அனுப்பிடுங்க" என்றாள். கண் தெரியாதவன் தெரியாத ஊரில் என்ன செய்வான் என்று கேட்டேன். இங்கே என்றால் தடவித் தடவியாவது கடலுக்குப் போவான், நானும் இருக்கிறேன் என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யா?

அதற்குப் பிறகு ரோல் காலில் அவன் பெயரைக் கூப்பிட்டால் நோவு எதையும் சொல்ல மாட்டான். "கீறேன்" என்பான். அவ்வளவுதான். காலையில் போய் "எப்பிடிடா கீறே?" என்று கேட்டாலும் அதே பதில்தான்.

மழைக்காலத்தில் வலது கண்ணில் வலி வந்தது. வாந்தி எடுத்தான். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். அது என்ன வலி என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மா சொல்லியிருந்தாரே. தலைவலி மாத்திரை கொடுத்தேன். ஈரத்துணி போட்டேன். வலி போகும்வரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை. கஞ்சி வைத்து ஊட்டினேன். கோமளா வந்து பார்த்துவிட்டு, "டாக்டராண்ட இட்டுனு போயேன்யா, மனுஷன் துடிக்கிறாரே" என்றாள். "பார்த்தாச்சுடி, ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றேன். சில நாளில் வலி தானாக நின்றது. அந்தக் கண்ணில் வெளிச்சமும் நின்றது. இடையிடையே ஜோக் சொன்னேன். அந்த வலியிலும் சிரித்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த மகன் இருந்தால் கூட இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

இனி எழுதப்போவதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். இடது கண் அப்போது இருந்தது. "இந்தப் பக்கம் வெயில் தெரியுதுடா, படகு போனா நெழல் தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பஸ், ஒரு ஆபரேஷன்; நேரம் இருந்தது. அடுத்த மழை வரை இருந்தது. தினமும் காலையில் கையை நீட்டுவான், நான் முழங்கையைக் கொடுப்பேன், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவேன். அடுத்த மழையில் அதற்கும் வலி வந்தது. அதற்கும் மாத்திரை கொடுத்தேன்.

பிறகு பென்ஷனர் தினம். டாக்டரைக் கூப்பிட்டது சங்கத் தலைவர். எனக்கு அன்று காலைதான் தெரியும். அவரைக் கோதண்டத்தை விட்டுத் தள்ளி உட்கார வைத்து, அவன் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளத்தான் வாளியோடு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும். புடவை காயும்வரை சும்மா இருக்க முடியாமல் அவர் பக்கத்து மனிதனின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"நீங்க பொன்னேரி வந்தவர்தானே? ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தேனே, ஏன் வரல?"

"நீங்கதானேம்மா ஒண்ணும் பண்றதுக்கில்லனு சொன்னீங்க? இவன் வந்து சொன்னானே."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பார்க்க முடிந்தவரும் முடியாதவனும். என் கையில் காலி வாளி. அப்போதும் ஒரு ஜோக் வாயில் வந்தது. அதைச் சொல்லவில்லை என்பதையும் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வினோதினி வந்து மெட்ராஸில் பெரிய டாக்டர்களிடம் காட்டினாள். இரண்டு கண்ணும் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தாள். "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள். மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தெரிந்தே செய்தேன். வலது கண்ணையும் தெரிந்தேதான் போகவிட்டேன், இடது கண்ணையும் தெரிந்தேதான். ஆனால் இதையும் சேர்த்து எழுதாவிட்டால் நான் நல்ல ரைட்டர் இல்லை: வேலையில் இருந்தவரை கல் மாதிரி இருந்த ஒரு மனிதனைத் தினமும் சிரிக்க வைத்தேன். கண்ணோடு இருந்தபோது இல்லாத சந்தோஷம் அவனுக்குக் கண் போன பிறகு என்னால் கிடைத்தது. எடுத்ததையும் கொடுத்ததையும் தராசில் வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதற்குச் சாட்சி அவனே. மகளோடு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் உங்களிடம் அனுமதி வாங்கி, நீங்களும் கூட நிற்க, போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். என் செருப்புச் சத்தம் அவனுக்குத் தெரிந்தது. கையை நீட்டவில்லை. ரைட்டர் வழக்கப்படி, ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே எழுதுகிறேன்.

கேள்வி: கோதண்டம், காலையில நாம நடந்ததெல்லாம் உனக்கு சந்தோஷமாத்தானேடா இருந்துது? நான் சொன்னதுக்கெல்லாம் அப்பிடிச் சிரிச்சியே?

பதில்: சிரிப்பு எங்கடா வந்துது? சர்வீஸ்லயும் வரல, அப்பறமும் வரல. கண்ணு போய்க்கினே இருக்கறவனுக்குப் புடிச்சு நடக்க ஒரு கை வேணும். சிரிச்சாதான் நீ மறுநாளும் வருவேனு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில வி.ஆர்.எஸ்.னு சொன்னியே, அன்னிக்கும் அதுக்குத்தான் சிரிச்சேன்.