தேடல் பெட்டிக்கு வந்த ஆள்

— இரு மகாராணி, இந்த ஆளு நம்ம வலைக்கடைக்குள்ள இனிமே காலே வைக்காதபடி பூட்டிடறேன்.

— யாரை?

— தினமும் ஒருத்தன் வர்றான். ஒரு பை கூட வாங்கல. தேடற பெட்டியில என்னத்தையோ கொட்டிட்டுப் போறான். அவன் தேடினப்ப பதிவான வலைமுகவரியப் பாரு, ஒரே சதவீதக் குறி. கடைய உடைக்கப் பாக்கறான் போல.

— நான் தைக்கிற துணிப்பைக்காக எவன் மெனக்கெடப் போறான்? என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு அப்புறம் பூட்டு.

— இத எங்க படிக்கிறது? சதவீதம் ஈ பூஜ்யம், சதவீதம் ஏ ஈ... அட! திரும்பத் திரும்ப ஈ பூஜ்யம். இது தமிழ்!

— இதுவா? மைக்குள்ள விழுந்த கரப்பான் நடந்து போன மாதிரி இருக்கு.

— முகவரியில தமிழ் அப்படியே போகாதும்மா. ஒவ்வொரு எழுத்தையும் மூணு துண்டா நறுக்கி, துண்டுக்கு ஒரு சதவீதக் குறி குத்தி அனுப்பும். காலு, கொம்பு, புள்ளி எல்லாத்துக்கும் தனியா மூணு. நடுவுல இருபதுன்னு வந்தா, அது வெறும் இடைவெளி.

— நறுக்கினது நறுக்கினபடியே கிடந்தா எப்படி? திருப்பித் தைச்சுக் காட்டுப்பா.

— கணினிக்கு ஒரே வரி நிரல்தான், எழுதறேன். அதுக்குள்ள நீ உங்கப்பாவுக்குப் போன் போடு. பிரசவம் நெருங்குது.

— மாட்டேன். உன்னைக் கட்டிக்கிட்டதுக்குக் கதவைச் சாத்தினவரு. வயித்துல பிள்ளைன்னு சித்தி போய்ச் சொல்லியும் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவரா கேக்காம, பிள்ளை பொறந்தாலும் நான் சொல்லப் போறதில்ல.

— அப்பனும் மகளும் ஒரே அச்சு. இரு இரு, வந்துடுச்சு! "சில்வண்டு மாத்திரை சாப்பிட்டியா." போச்சுடா, நம்மள மருந்துக்கடைன்னு நினைச்சுட்டான்.

— என்ன பேரு சொன்ன?

— சில்வண்டு.

— அடுத்ததப் படி.

— "கால் வீங்குதா. உங்கம்மாவுக்கும் வீங்கிச்சு. தலகாணி மேல தூக்கி வை." ஏய், ஏன் அழற?

— வாய் ஓயாம பேசறேன்னு அப்பா வச்ச பேரு அது. வேற யாரும் கூப்பிட்டதில்ல. ஆனா ஏன் தேடற பெட்டியில போய்...

— என் வேலைதான். அந்தப் பெட்டியில "என்ன வேண்டுமானாலும் எங்களிடம் கேளுங்கள்"னு எழுதி வச்சிருக்கேன். கடை முகவரிய சித்தி குடுத்திருப்பாங்க. மாமா உன்கிட்ட நேராப் பேசறதா நினைச்சுட்டாரு.

— அதுக்கு நம்ம கடை என்ன பதில் சொல்லிச்சு?

— அத விடு.

— சொல்லுப்பா.

— "மன்னிக்கவும். நீங்கள் கேட்டது இங்கே இல்லை."

— தினமுமா?

— தினமும்.

— ஐயோ... நான் சொன்னதா நினைச்சிருப்பாரே! கடைசியா என்ன எழுதியிருக்காரு?

— "சரிம்மா. கோவம் ஆறட்டும். நாளைக்கு வந்து கேக்கறேன்."