ஒற்றை விரல் ஸ்டீயரிங்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது. தைரியமாக உட்காருங்கள். சரிசெய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரார் வண்டியெல்லாம் பார்க்கிறவனுக்குச் சொந்த நாற்காலியைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை, இன்ஸ்பெக்டர்.

நீங்கள் ஜீப் ஓட்டுவீர்களே தவிர அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள், எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன்.

இறந்துபோனவன் என் தம்பி. மலைமேல் இருக்கிற சிக்னல் டவர்களுக்கு தன் வண்டியில் டீசல் பீப்பாய் ஏற்றிப் போவது அவன் வேலை. அங்கே பாதை என்று எதுவும் கிடையாது, சேறும் உருளைக் கல்லும்தான். சாதா டயர் சேற்றில் சிக்குகிறது என்று இடுப்பு உயரத்துக்கு டயர் வாங்கி மாட்டினான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பெரிய டயர் போடுகிறவர்கள் எல்லோரும் மறக்கிற விஷயத்தை அவனும் மறந்தான். ஆயிலை அழுத்தி அந்த டயரைத் திருப்ப வேண்டிய பம்பும் ஸ்டீயரிங் பாக்ஸும் பழைய சின்ன டயருக்காகச் செய்தவை. நாலு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் நாற்பது பேருக்கு உலை வைத்தால் அடுப்பு என்ன செய்யும்? பம்பு ஊளையிட ஆரம்பித்தது. என்னிடம் வந்தான், நான் அவன் அண்ணன் ஆயிற்றே.

அதற்கு முன்னால் அவன் இங்கே வந்தே ரொம்ப நாளாகியிருந்தது. அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது நான்தான். இந்தப் பட்டறை பெஞ்சுக்கு அடியில் சாக்கை விரித்துத்தான் தூங்குவான். எனக்குக் குடும்பம் என்று ஒன்று அமையவில்லை, அவனுக்கு அமைந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வந்தாலும் வாசலிலேயே நின்று, "அவசரமா போறேண்ணே, அப்புறம் வர்றேன்" என்பான். அந்த அப்புறம் வரவே வராது.

பம்பு ஊளையிட்ட அன்று மகளையும் அழைத்து வந்திருந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் சாய்ந்துகொண்டு டீ குடித்தான். குழந்தை காந்தத் துண்டை வைத்துக்கொண்டு தரையில் கிடந்த இரும்புத்தூளையெல்லாம் பொறுக்கி, "பெரியப்பா, உங்களுக்குத் தாடி வெச்சிருக்கேன் பாருங்க" என்று காந்தத்தை என் தாடைக்குக் கீழே பிடித்தது. மூன்று பேரும் சிரித்தோம். இந்தத் தகரக் கூரைக்குக் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டீயரிங்குக்குப் புது ஆயில் ஊற்றினால் சக்கரத்தை இந்தக் கோடி அந்தக் கோடி என்று பலமுறை திருப்பிக் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று மிஞ்சினால் மறுபடி ஊளையிடும். நான் பாதியில் நிறுத்தினேன். களைப்பு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமே வந்துவிட்டான். அன்றும் டீ, அன்றும் குழந்தை.

அதன் பிறகு ஆயில் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கொஞ்சம் தளரவிட்டேன், ஆயில் கசிந்தது. பம்பைச் சுழற்றுகிற பெல்ட்டைச் சற்று தொய்வாக மாட்டினேன், கிறீச்சிட்டது. எல்லாம் சின்னச் சின்ன விஷயம். யாருக்கும் ஆபத்து கிடையாது. அவனும் ஒவ்வொரு வாரமும் வந்தான்.

ஆனால் ஸ்டீயரிங் மட்டும் பாறையாகவே இருந்தது. மலையில் அதோடு மல்லுக்கட்டி அவன் வலது தோள் போய்விட்டது. அவன் மனைவி போன் செய்தாள். "மாமா, சட்டை மாட்டக்கூட கையத் தூக்க முடியல அவரால. சாப்பிடறப்ப கூட இடது கைதான். பெரிய பம்பு ஏதோ போடணும்னு சொன்னீங்களாமே, எப்ப போடுவீங்க?"

"பார்ட்ஸ் இன்னும் வரலம்மா. வந்த உடனே மொத வேல அதுதான்" என்றேன்.

பார்ட்ஸ் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதோ, அந்தப் பரணில் சாக்கு கிடக்கிறதல்லவா, அதன் கீழேதான் பெட்டியோடு இருந்தது. மாட்டிவிட்டால் அவனுக்கு இங்கே என்ன வேலை? அவனுக்குத் தோள் வலித்தது உண்மை. எனக்கு வலித்ததை யார் கேட்டார்கள்? என் மேல் கோபம் வருகிறது உங்களுக்கு. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒருநாள் அவனே சொன்னான். "அண்ணே, பார்ட்ஸ் வரலன்னா விடு. டவுன்ல ஒரு கடையில வெச்சிருக்காங்களாம், அங்கயே மாட்டிக்கறேன். உன்னையும் எத்தன தடவதான் தொல்ல பண்றது?"

அடிமடியில் கை வைத்தாற்போல் இருந்தது. "நேத்துதான்டா வந்துது. நாளைக்குக் கொண்டா" என்றேன்.

இன்ஸ்பெக்டர், அந்த வேலையைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய பம்பு, ஆயில் சூடாகாமல் இருக்கத் தனியாக ஒரு கூலர். இரண்டு முன்சக்கரங்களையும் சேர்க்கிற நீளக் கம்பியில் ஒரு உதவி சிலிண்டர். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தச் சிலிண்டரும் சேர்ந்து தள்ளும். ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காருகிற இடத்தில் வண்டியின் இரும்புச் சட்டம் விரிசல் விடும் என்று தடித் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். காற்றை ஒரு குமிழி மிச்சமில்லாமல் வெளியேற்றினேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

தம்பி ஏறி உட்கார்ந்து ஒரு விரலால் திருப்பினான். நின்ற இடத்திலேயே அந்த ராட்சச டயர் வழவழவென்று திரும்பியது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான், அதுவும் சுண்டுவிரலால் திருப்பியது. இறங்கி வந்து வலிக்கிற கையாலேயே என் தோளை அணைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"போதும்ண்ணே. இனிமே என்னால உனக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது."

"இன்னும் ஒரு நட்டு பாக்கி இருக்கு. நீ போய் டீ சொல்லிட்டு வா" என்றேன்.

அந்த நட்டு நீளக் கம்பியின் கோடியில் இருக்கிறது, கம்பியைச் சக்கரத்தோடு பிடித்திருப்பதே அதுதான். அதை இறுக முறுக்கி, கழன்றுவிடாமல் துளையில் ஒரு இரும்புப் பின் கோர்க்க வேண்டும். பிறகு நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். தம்பிக்குச் சின்ன வயதிலேயே அதைப் பழக்கியிருந்தேன். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து கோடுகளைப் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டான்.

நான் நட்டைக் கையிறுக்கமாக மட்டும் விட்டேன். பின் கோர்க்கவில்லை. கோடு இழுத்தேன். நேர்த்தியாகத்தான் இழுத்தேன்.

என் கணக்கு இதுதான். மலைக் குலுக்கலில் நட்டு மெல்ல நகரும், கோடு உடையும், காலையில் அவன் பார்ப்பான், என்னிடம் வருவான். நான் திட்டுவது போல் திட்டி முறுக்கிக் கொடுப்பேன். அதோடு வேறு ஏதாவது கண்ணில் படும். வேறு கெட்ட எண்ணம் எனக்குக் கிடையாது. அவன் ரொம்பக் கவனமானவன்.

ஒரு விஷயம் என் கணக்கில் விட்டுப்போயிற்று. பழைய ஸ்டீயரிங் என்றால் நட்டு ஆட ஆரம்பித்ததுமே கைக்குத் தெரியும், மணிக்கட்டைப் பிடித்து உதறும். புதிதில் எதுவும் தெரியாது. ஆட்டத்தையெல்லாம் சிலிண்டர் விழுங்கிவிடும். நட்டு கழன்று கம்பி பிரிகிற கடைசி நிமிடம் வரைக்கும் அவனுக்கு ஒரு விரலில் வழுக்கிக்கொண்டுதான் போயிருக்கும்.

இன்னொன்றை அவன் மனைவி சொன்னாள். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தெனம் கீழ குனிஞ்சு ஏதோ கோடு பாப்பாரே மாமா, கடைசியா நீங்க வேல செஞ்சு குடுத்ததுல இருந்து பாக்கறதையே விட்டுட்டாரு. ஏங்க பாக்கலன்னு கேட்டேன். அண்ணன் பாத்துப் பாத்து செஞ்சது, அதுல நான் பாக்க என்னடி இருக்குன்னாரு."

அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. என்னை அவ்வளவு நம்பியவன் வேறு யாரும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

வண்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கி இங்கேதான் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். நட்டு கிடைக்கவில்லை, இரும்பின் மேல் பாதி மஞ்சள் கோடு மட்டும் இருக்கிறது. துளையில் பின் இருந்த தடமே இல்லை என்று உங்கள் ஆள் சொன்னது சரிதான். அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் இங்கேயே இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல்.

நான்தான் செய்தேன். பின் இல்லாமல் அனுப்பினேன், தெரிந்தேதான் அனுப்பினேன். அதைக் கொலை என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். அவன் மேல் இருந்த பாசத்தால் என்று ஒரு வரி சேர்த்தால் சந்தோஷப்படுவேன். முடியாது என்றால் வேண்டாம்.

கிளம்பலாம். கதவை மட்டும் பூட்டாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் தம்பி மகள் சைக்கிளில் இங்கே வருவாள். அவள் அம்மா இப்போது வேலைக்குப் போகிறாள், அதனால் சாயங்காலம் வரை பிள்ளை என்னோடுதான் இருக்கும். காந்தம் அந்த இழுப்பறையில் இருக்கிறது. போன வாரம் ஒருநாள் வரவில்லை, தோழி வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதற்கு மறுநாள் சைக்கிளை நான்தான் துடைத்து, ஆயில் விட்டு, நட்டெல்லாம் மாட்டிக் கொடுத்தேன். ஹேண்டில் லேசாக ஆடுகிறது என்பாள். வேறு யாரையும் தொட விடாதீர்கள், பெரியப்பா வந்து பார்ப்பார் என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ஒரு இறக்கம் இருக்கிறது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. ஹேண்டிலில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன், அவள் அப்பாவைப் போலவே ரொம்பக் கவனமான பிள்ளை.