படலுக்கு ஏது பூட்டு

கும்பகோணம் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அவர் எரிந்து விழுந்தார்.

"பூட்டே இல்லாத வீட்டுல பூட்டை உடைச்சுத் திருட்டுன்னு எப்படிம்மா எழுதுறது?"

"கீத்துப் படலுங்க. அதுல எங்க பூட்டு மாட்டுறது?"

"சரி, வெறும் திருட்டுன்னு எழுதுறேன். என்ன போச்சு?"

"விதைநெல்லு ஒரு மூட்டைங்க. பண்ணையார் ஆளுங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. குத்தகையை எம் புருசன் பேருல பதிஞ்சோம்ல, அந்தக் கோவம்."

"ஒரு மூட்டைக்கா இம்புட்டு தூரம் வந்த?"

"ஆத்துல தண்ணி வந்துருச்சுங்க. இப்ப நாத்து விடலைன்னா, தரிசு போட்டோம்னு சொல்லி நிலத்தைப் புடுங்கிருவாரு. அதுக்குத்தானே எடுத்தாரு? அவரு வரப்புல எம் புருசன் ஒரு கட்டுப் புல்லு அறுத்ததுக்கு மட்டும் திருட்டுன்னு எழுதி ரெண்டு நாள் உள்ள வச்சாங்க."

அவர் குரல் இறங்கியது. "வீடு திறந்து கிடந்துச்சு, எங்க நெல்லை நாங்க எடுத்தோம்னு சொல்லுவாங்கம்மா."

"திறந்து கிடக்கலீங்க."

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து அவர் பலகைமேல் வைத்தாள்.

"இதால கட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பாருங்க, நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. கயித்தை அரிவாளால அறுத்திருக்காங்க."

அவர் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"உடைச்சு உள்ள புகுந்தாங்கன்னே எழுதுறேன். முடிச்சை மட்டும் யாரு கேட்டாலும் அவுத்துறாத தாயி."