தள்ளுவதற்கென்று டிக்கெட் வாங்கியவர்

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடி, வழிநெடுக நின்று, பயணிகளே இறங்கித் தள்ளிய யுத்த காலம். அருப்புக்கோட்டையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு நெசவாளி, மனைவியிடம் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னார்:

“இன்னிக்கு நிக்காமப் போயிரும் போலருக்கே.”

“போனா நல்லதுதான?”

“தள்ளலாம்னுல வந்தேன்.”

“டிக்கெட்டு வாங்கித் தள்ள வார மனுசன் இந்தத் தாலுகாவுலயே நீங்க ஒருத்தருதான்.”

“தறிக்கு நூலு வரல. வீட்டுல என்னதான் செய்யச் சொல்ற? போன வாரம் தள்ளிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்ல?”

“சாப்பிட்டீக, தூங்குனீக. ஆறு மாசமாச் செவத்தப் பாத்துப் படுத்திருந்தீகளே, வைத்தியருகிட்ட நான் நடந்த நடையெல்லாம் வீணு.”

காரியாபட்டி நெருங்கியும் பஸ் நிற்கவில்லை. அவர் சன்னலோரம் சுருண்டுகொண்டார். அந்தம்மா தலையிலடித்தபடி எழுந்துபோய் டிரைவரிடம் குனிந்தார்.

“தம்பி, அந்த மேட்டுக்கிட்டக் கொஞ்சம் நிப்பாட்டு. இவுக கேட்டா, கெட்டுப்போச்சுன்னு சொல்லு.”